யார் ஜாமீன் நிற்பது? விசாரணைக்கு முந்தைய பிணையில் குடும்பத்தின் இடம்

குற்றம் இன்னும் உறுதியாகாத ஒருவரை வெளியே விட்டால், வாய்தா தேதியில் அவர் நீதிமன்றத்துக்குத் திரும்பி வருவார் என்பதற்கு எது உறுதி? பிணை பற்றிய சட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. உறவினர் ஒருவரின் வாக்கு உறுதி என்றது ஒரு காலம். நிலமும் பணமும் உறுதி என்றது இன்னொரு காலம். ஊரில் அவருக்குள்ள வேர் போதும் என்றனர் சில நீதிபதிகள். குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த வாக்கே போதும் என்போரும் உண்டு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் புள்ளிவிவரக் கணிப்பு என்ற பதிலும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றிலும் சிறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அல்லது அது இல்லாமல் ஆக்கப்பட்டிருக்கிறது. தாய், மனைவி, அண்ணன் என்று யாரோ ஒருவர் அந்த மனுவுக்குப் பின்னால் நிற்கிறார். அவரிடம் சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். முதன்மையாக இந்திய நிலையையும், அதை விளக்க உதவும் அளவுக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, இலங்கை நிலைகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வியின் பரப்பைக் காட்ட ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; நூற்றுக்கு 75-க்கும் மேல். இவர்கள் எல்லோரும் ஜாமீன்தாரர் கிடைக்காததால் உள்ளே இருப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பிணை மறுக்கப்பட்டவர்கள், மனுவே போடாதவர்கள், பல வழக்குகளில் சிக்கியவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். ஆனால் பிணை உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர இயலாதவர்கள் என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. குடும்பத்தின் பங்கு பற்றிய விவாதம் அவர்களிடத்தில்தான் கூர்மையடைகிறது.

உறவிலிருந்து ரொக்கத்துக்கு

இங்கிலாந்தின் பழைய நடைமுறையில் ஜாமீன்தாரர் என்பவர் ஒரு காவலர். குற்றம் சாட்டப்பட்டவர் ஷெரிஃபின் காவலிலிருந்து தன் உறவினரின் அல்லது அண்டை அயலாரின் காவலுக்கு மாற்றப்படுகிறார் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் எந்தக் குற்றங்களுக்குப் பிணை உண்டு, எவற்றுக்கு இல்லை என்று வகுத்தது. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அளவுக்கு மீறிய பிணைத்தொகை கேட்கக் கூடாது என்றது. 1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்திலும் அந்தத் தடை இடம்பெற்றது.

வேர் ஒன்றாக இருந்தும் இரு நாடுகளும் பின்னர் எதிரெதிர்த் திசையில் சென்றன. அமெரிக்காவில் பிணை ஒரு வணிகமாயிற்று. குடும்பம் ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டும். நிறுவனம் நீதிமன்றத்துக்கு உறுதி தரும். பெரும்பாலும் பிணைத்தொகையில் பத்தில் ஒரு பங்காக அமையும் அந்தக் கட்டணம், வழக்கு எப்படி முடிந்தாலும் திரும்பி வராது. இங்கிலாந்தில் இதே ஏற்பாடு குற்றம். ஜாமீன்தாரருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டுவதாக ஒப்பந்தம் செய்வதை 1976ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. காரணம் எளிது: தனக்கு எந்த இழப்பும் வராது என்று தெரிந்தவர், குற்றம் சாட்டப்பட்டவரைத் தேடி அழைத்து வர வேண்டிய அவசியம் இல்லை. அதே சட்டம் ஜாமீன்தாரரின் தகுதியை எடைபோடும்போது பார்க்க வேண்டியவற்றில் அவருடைய பொருள் வசதி, நன்னடத்தை ஆகியவற்றோடு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவருக்கும் இடையிலான நெருக்கத்தையும் சேர்க்கிறது. உறவுமுறையால் வரும் நெருக்கம் அதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்படுகிறது.

இந்தியச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதன் இடத்தில் வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகிய மூன்றிலும் பிணைமுறி பற்றிய கட்டமைப்பு பெரிய அளவில் மாறவில்லை. வணிக நிறுவனத்துக்கு இங்கே இடமில்லை. ஆள்தான் ஜாமீன் நிற்க வேண்டும். அந்த ஆளை நடைமுறையில் அளக்கும் கோலோ பெரும்பாலும் சொத்து. உறவை நம்பி அழைத்துவிட்டு, அழைத்தவரைச் சொத்தால் அளப்பது என்ற இந்த இரட்டை நிலையே இங்குள்ள சிக்கல்கள் பலவற்றுக்கும் ஊற்று என்பது என் கருத்து.

உத்தரவு வந்த பிறகு

தமிழ்நாட்டில் பிணை உத்தரவுகளின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். மனுதாரர் பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறி எழுதித் தர வேண்டும். அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன் தர வேண்டும். அந்த இருவரில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்று பல உத்தரவுகள் சேர்த்துச் சொல்லும். ஜாமீன்தாரர்கள் பிணைமுறியில் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் அட்டை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை நடுவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளியே வந்தவர் மறு உத்தரவு வரும்வரை நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையால்தான் மக்கள் இதைக் கண்டிஷன் பெயில் என்கிறார்கள்.

இங்கே குடும்பங்கள் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உத்தரவில் உள்ள பத்தாயிரம் ரூபாய் அன்றே கட்ட வேண்டிய பணம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜராகாமல் போனால் கட்டுவதாகத் தரும் வாக்கு. ரொக்கமாக வைப்புச் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று சன்ஹிதாவின் 490ஆவது பிரிவு சொல்வது தனி வழி. இந்த வேறுபாட்டைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதபோது கந்துவட்டிக்குப் பணம் புரட்டி வரும் குடும்பங்கள் உண்டு. சொல்லாமல் பணம் வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்களுக்கும் அதுவே வாய்ப்பாகிறது.

பணம் கட்டத் தேவையில்லை என்றாலும் செலவில்லை என்று பொருளில்லை. சொத்து மதிப்புக்கு வட்டாட்சியர் அலுவலகச் சான்று, வீட்டு வரி ரசீது அல்லது பட்டா நகல், குடும்ப அட்டை என்று கேட்கப்படும் தாள்கள் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும். இரண்டு ஜாமீன்தாரர்களும் ஒரே நாளில் நேரில் வந்து நிற்க வேண்டும். அது இருவரின் ஒருநாள் கூலி. சான்று சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் இன்னொரு நாள் கூலி. கூலி வேலையில் வாழும் குடும்பத்தில் இரத்த உறவினரை எளிதில் காட்ட முடியும். சொத்துள்ள இரத்த உறவினரைக் காட்டுவதுதான் கடினம்.

கையெழுத்துப் போட்டவர் ஏற்கும் பொறுப்பும் சிறியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வராமல் போனால் பிணைமுறி பறிமுதலாகும்; ஏன் தொகையைக் கட்டக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஜாமீன்தாரருக்கு அறிவிப்பு வரும். தொகை கட்டப்படாமலும் வசூலிக்க இயலாமலும் போனால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. ஜாமீன்தாரர் தன்னை விடுவிக்கக் கோரி எப்போது வேண்டுமானாலும் மனுச் செய்யலாம்; செய்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிடிவாரண்ட் பிறக்கும், அவர் வேறு ஜாமீன்தாரரைத் தேட வேண்டும். மகனுக்காகக் கையெழுத்திடும் தாய்க்கு இவை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் கைரேகை வைக்கும் இடம் மட்டுமே காட்டப்படுவது வேதனைக்குரியது.

கொத்தனாரும் பத்தாயிரம் ரூபாயும்

சொத்தை அளவுகோலாக்குவதற்கு எதிரான இந்தியச் சிந்தனை 1970களில் திரண்டது. பி.என். பகவதி தலைமையிலான குஜராத் சட்ட உதவிக் குழு 1971இலும், வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான மத்திய நிபுணர் குழு 1973இலும் ஏழைகள் பிணை பெற முடியாத நிலையை எடுத்துக்காட்டின. பிணையே விதி, சிறை விலக்கு என்ற கருத்தை 1977இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் முன்வைத்தது. இன்றும் ஒவ்வொரு பிணை மனுவிலும் மேற்கோளாகும் கருத்து அது.

இந்த விவாதத்தின் மையமான வழக்கு 1978இல் வந்த மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் அவர். உச்ச நீதிமன்றமே அவருக்குப் பிணை வழங்கியிருந்தது. நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி நடுவர் அந்த ஜாமீனை ஏற்க மறுத்தார். உடன்பிறந்தவர் என்ற உறவு அங்கே எதிரிலேயே நின்றது. மாவட்ட எல்லை அதை விலக்கியது. வழக்கை விசாரித்த நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தொகையை ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணைமுறியாகக் குறைத்தார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் ஒரு தமிழர் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் அவர் ஒரு கேள்வி எழுப்பினார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு அந்தக் கேள்வி திசை திரும்பி நம்மிடமே வந்திருக்கிறது. திருப்பூரின் பின்னலாடை ஆலையிலோ சென்னையின் கட்டுமானத் தளத்திலோ வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளி கைதானால், இரத்த உறவினர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை அவரை என்ன செய்யும்? உறவினர் இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறார். இங்குள்ளவர்கள் சக தொழிலாளர்கள்; அவர்களுக்கும் இங்கே பட்டா கிடையாது. அன்று தமிழருக்காக எழுப்பப்பட்ட கேள்விக்கு இன்று தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

வேர் என்ற அளவுகோல்

சொத்துக்குப் பதிலாக எதை வைப்பது? இதற்கு 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி ஒரு விடை தந்தார். பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்காக விசாரணையின்றிக் கிடந்தவர்களைப் பற்றி, காவல் துறையில் உயர் பதவி வகித்த கே.எஃப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதிய கட்டுரைகளே அந்த வழக்குக்குத் தூண்டுகோல்; வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி மனுவைத் தாக்கல் செய்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சமூகத்தில் வேர் இருந்தால் சொந்தப் பிணைமுறியிலேயே விடலாம் என்ற பகவதி, வேரை அறிவதற்கான கூறுகளையும் பட்டியலிட்டார். எவ்வளவு காலமாக அந்த ஊரில் வசிக்கிறார், என்ன வேலை, குடும்பப் பிணைப்பு எப்படி, அவருடைய நம்பகத்தன்மைக்கு உறுதி கூறக்கூடிய பொறுப்பான மனிதர்கள் யார் என்பவை அதில் இருந்தன.

இந்தப் பட்டியலின் மூலம் நியூயார்க். வேரா அறக்கட்டளையின் சார்பில் லூயிஸ் ஸ்வைட்சரும் ஹெர்பர்ட் ஸ்டர்ஸும் 1961இல் தொடங்கிய மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தில், கைதானவரை நீதிபதி முன் நிறுத்தும் முன்பே ஒருவர் பேட்டி காண்பார். யாருடன் வசிக்கிறீர்கள், வேலை எது, எத்தனை ஆண்டுகளாக இந்த முகவரி என்று கேட்டு மதிப்பெண் போடுவார். குடும்பத்துடன் வசிப்பதற்கு மதிப்பெண் உண்டு. பிறகு உறவினரைத் தொடர்புகொண்டு சொன்னது உண்மையா என்று சரிபார்ப்பார். தேறியவர்களைப் பணமின்றி விடலாம் என்று பரிந்துரை போகும். முதல் மூன்று ஆண்டுகளில் இப்படி வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். வேண்டுமென்றே திரும்பி வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. 1966ஆம் ஆண்டின் அமெரிக்கப் பிணைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு இந்த அனுபவம் ஊக்கமாக அமைந்தது.

மன்ஹாட்டன் திட்டத்தில் நான் முக்கியமாகக் கருதுவது மதிப்பெண்ணை விட நேரத்தை. அங்கே குடும்பத்தின் பேச்சு முடிவுக்கு முன்பு கேட்கப்பட்டது. இந்தியாவில் பகவதியின் பட்டியல் கோட்பாடாக வந்து சேர்ந்தது. பட்டியலை நிரப்பும் ஆளும் நேரமும் வந்து சேரவில்லை. கைதானதைக் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பிலிருந்து சட்டப் பிரிவாகவும் ஆகிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது கூறு. ஆனால் ரிமாண்ட் நேரத்தில் நடுவருக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் காவல் துறையின் தாள்கள் மட்டுமே. வீட்டில் வயதான தாய் இருக்கிறார், பத்து வருடமாக ஒரே பட்டறையில் வேலை என்ற செய்திகள் பிணை மனுவில் ஒரு வரியாக வரும். அதைச் சரிபார்த்துச் சொல்ல யாரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. குடும்பம் நீதிமன்றத்தின் கண்ணில் படுவது உத்தரவு பிறந்த பிறகு, சொத்துச் சான்றோடு வரும்போதுதான்.

வேர் இல்லாதவர்கள்

வேர் என்ற அளவுகோலுக்கு எதிரான வாதங்களும் வலுவானவை. குடும்பம் உள்ளவருக்கு அது உதவுகிறது. இல்லாதவரைப் பணத்தைப் போலவே தண்டிக்கிறது. நடைபாதையில் வாழ்பவர், வீட்டை விட்டு விரட்டப்பட்ட திருநங்கை, கைதானதும் கணவர் வீட்டாரும் பிறந்த வீட்டாரும் கைவிட்ட பெண் என்று பலரை நினைத்துப் பார்க்கலாம். குடும்பப் பிணைப்பைக் காட்டு என்று இவர்களிடம் கேட்பது, காயத்தையே சான்றாகக் கேட்பதற்குச் சமம்.

உறவு எப்போதும் உதவிக்கரமாகவும் இருப்பதில்லை. வீட்டுக்குள் நடந்த வன்முறை வழக்கில் புகார் கொடுத்தவரும் அதே வீட்டார். அங்கே மாமியாரோ மைத்துனரோ ஜாமீன் நிற்பது புகார்தாரர் மீது அழுத்தமாக மாறக்கூடும். ஜாமீன் நின்றதைக் காட்டி வாழ்நாள் முழுதும் கட்டுப்படுத்தும் உறவினரும் உண்டு.

மூன்றாவது வாதம் மானம் பற்றியது. 2024 ஆகஸ்டில் கிரிஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. பல மாநிலங்களில் 13 வழக்குகளில் பிணை கிடைத்தும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் காட்ட முடியாமல் சிறையில் இருந்தவர் மனுதாரர். ஜாமீன்தாரர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராகவோ நெடுநாள் நண்பராகவோதான் இருப்பார். குற்ற வழக்கு என்று வரும்போது வெளியே சொல்லத் தயங்குவதால் அந்த வட்டம் மேலும் சுருங்கும் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டு, ஒரே ஜாமீன்தாரர்கள் பல வழக்குகளுக்கும் நிற்க அனுமதித்தது. ஊர் வாய்க்கு அஞ்சும் நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கவனிப்பின் அருமை புரியும்.

உண்மையான உறவினர் கிடைக்காத இடத்தை நிரப்புவது பணத்துக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள். புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கேட்கப்படுவதும், எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று ஜாமீன்தாரர் உறுதிமொழி தர வேண்டும் என்ற பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்ததும் இவர்களைத் தடுக்கவே. இந்தக் கெடுபிடி போலி ஆளை எந்த அளவு தடுக்கிறது என்பது விவாதத்துக்குரியது. ஆவணம் குறைந்த உண்மையான உறவினரை அது தடுமாற வைக்கிறது என்பதில் ஐயமில்லை.

அரசு கை கொடுத்த இடங்கள்

2005ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு வழிகளைத் திறந்தது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர இயலாவிட்டால் அவரை வறியவர் என்று கொண்டு சொந்தப் பிணைமுறியில் விட வேண்டும். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணையிலேயே கழித்தவருக்கும் விடுதலைக்கு வழி வந்தது. புதிய சட்டத்தின் 479ஆவது பிரிவு இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதில் சேரா. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இந்தப் பிரிவு உதவாது. ஒரு வார விதியோ பிணையில் விடத்தக்க குற்றங்களுக்கு மட்டும். பெரும்பாலான கைதிகளின் சிக்கல் மற்ற வகைக் குற்றங்களில் இருக்கிறது.

2022 நவம்பர் 26 அரசியலமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி எழுதி வைத்த உரையைத் தாண்டி உருக்கமாகப் பேசினார். சில நாள்களிலேயே, பிணை கிடைத்தும் வெளிவராதவர்களின் பட்டியலை உச்ச நீதிமன்றம் கேட்டது. ஏறத்தாழ 5,000 பேர் என்று தெரியவந்தது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களின்படி, உத்தரவு வந்து ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைமுறி தரப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அது சுட்டிக்காட்டியது. மோதி ராம் தீர்ப்பு சொன்னதையே 45 ஆண்டுக்குப் பின் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

அதே 2023இல் வறிய கைதிகளுக்கு உதவும் ஒன்றிய அரசுத் திட்டம் வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகையை அரசே ஏற்கும் என்று அப்போது வகுக்கப்பட்டது. வரவேற்கத்தக்கது. என்றாலும் இது பணமில்லாத குறையைத் தீர்க்கும், ஆளில்லாத குறையைத் தீர்க்காது. இரு நபர் ஜாமீன் என்ற உத்தரவை ரொக்க வைப்பாக நீதிமன்றம் மாற்றித் தந்தால்தான் அந்தத் தொகைக்கே வேலை.

பணமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்

அமெரிக்காவில் பணப் பிணையையே கைவிடும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. நியூஜெர்சி 2017 முதல் அதைப் பெரிதும் குறைத்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் முற்றாக ஒழித்தது. பிலடெல்பியாவில் 2018இல் பல சிறு குற்றங்களுக்குப் பணப் பிணை கேட்பதை அரசுத் தரப்பு நிறுத்தியபோது, பணமின்றி விடுவிக்கப்பட்டோர் கூடினர்; ஆஜராகாதோர் விகிதத்தில் கண்டுகொள்ளத்தக்க மாற்றம் இல்லை என்று அதை ஆராய்ந்தோர் கூறினர். சிறு வழக்குகளில் கிடைத்த முடிவு அது. கடுங்குற்றங்களுக்கும் பொருந்தும் என்று கொள்வது அவசரமாகும்.

பணத்தின் இடத்துக்கு வந்தது மதிப்பெண் கணிப்பு. வயது, முன் வழக்குகள், முன்பு ஆஜராகத் தவறியது போன்றவற்றை வைத்து, கைதானவரைப் பேட்டியே காணாமல் போடப்படும் மதிப்பெண் அது. வேரா அறக்கட்டளையின் பேட்டியில் முதல் கேள்விகளில் ஒன்றாக இருந்த குடும்பம், பரவலாகப் பயன்படும் கணிப்பு முறையொன்றில் அடியோடு இல்லை. குடும்பம் இல்லாதவருக்கு அது நியாயம். ஆனால் பழைய கைது விவரங்களில் உறைந்திருக்கும் இன, வர்க்கச் சாய்வு எண்ணாக மாறி நடுநிலை போலத் தோன்றும் என்ற எதிர்ப்பு வலுத்தது. இத்தகைய கருவிகளை முன்பு ஆதரித்த அமைப்பொன்றே 2020இல் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது.

நியூயார்க்கில் நடந்த இன்னோர் ஆய்வு நமக்கு அதிகம் பயன்படக்கூடியது. நீதிமன்ற அழைப்பாணையை எளிதாக வாசிக்கும்படி மாற்றி வடிவமைத்து, தேதியை நினைவூட்டிக் குறுஞ்செய்தியும் அனுப்பியபோது, ஆஜராகத் தவறுவோர் கணிசமாகக் குறைந்தனர். வராதவர்களில் ஒரு பகுதியினர் தலைமறைவானவர்கள் இல்லை. மறந்தவர்கள், தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். இதை நம் ஊருக்குப் பொருத்தினால் குடும்பத்தின் உண்மையான பயன் தெரிகிறது. வாய்தா தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது, விடியற்காலையில் எழுப்பிப் பேருந்துக்குக் காசு கொடுத்து அனுப்புவது, வக்கீலுக்கு அழைத்து வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது என்று கேட்பது. இதைச் செய்யும் தாயிடம் பட்டா இல்லாமல் இருக்கலாம்.

குடும்பத்தால் எதுவும் செய்ய இயலாத இடம்

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம் போன்றவற்றில் பிணைக்கான வாசலே குறுகலானது. முதல் சட்டத்தில் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் பிணை இல்லை. மற்ற இரண்டிலும் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் முதலிலேயே நம்ப வேண்டும். அங்கே நிரந்தர முகவரியும் நோயுற்ற தந்தையும் எடுபடுவது அரிது. 2021இல் கே.ஏ. நஜீப் வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த பிணையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; 2024இல் மணீஷ் சிசோடியா, செந்தில் பாலாஜி ஆகியோர் வழக்குகளில் அதுவே பிணை தந்தது. இவற்றில் எடை பெற்றது விசாரணை இப்போதைக்கு முடியாது என்ற நிலையும் சிறையில் கழிந்த காலமும். குடும்பம் செய்யக்கூடியது நாள்களை எண்ணுவது மட்டுமே.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இந்த நிலையை நீண்ட காலம் அறிந்தவை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணையே பொதுவிதி என்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு அது பொருந்தாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 12 மாதங்கள் கடந்தும் வழக்கு விசாரணை தொடங்காதவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கோர வழி தந்தது. அதுவரை காத்திருந்த ஆண்டுகளுக்கு எந்த ஈடும் இல்லை.

திறந்து நிற்பவை

ஏழைக்கு அளவுக்கு மீறிய தொகை கேட்பது பிணையை மறுப்பதற்கு ஒப்பாகும் என்பது தீர்ப்பளவில் முடிந்த விவாதம். உள்ளூர் ஜாமீன்தாரர் கட்டாயம் என்பதும் கோட்பாட்டளவில் தோற்றுவிட்டது. நடைமுறையில் இரண்டும் தொடர்வதற்குச் சட்டத்தின் குறை மட்டும் காரணமாகாது. உத்தரவின் அச்சு வாசகத்தை மாற்றும் பழக்கம் நடுவர் நீதிமன்றங்களில் வேரூன்றாததும் காரணம் என்று தோன்றுகிறது. 2022இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனிப் பிணைச் சட்டம் ஒன்றை இயற்றுமாறு பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த புதிய நடைமுறைச் சட்டம் அத்தகைய மறுவரைவாக அமையவில்லை.

உண்மையில் திறந்து நிற்பது ஜாமீன்தாரர் முறை வேண்டுமா என்ற கேள்வி. முற்றாக நீக்கினால் நீதிபதிகள் தயங்கி, பிணையையே மறுக்கத் தொடங்குவார்களோ என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதல்ல. உறவினர் ஒருவரின் கையெழுத்து நீதிபதிக்கும் ஒரு தெம்பு. மறுபுறம், அந்தக் கையெழுத்துதான் மக்களைத் திரும்ப அழைத்து வருகிறது என்ற நம்பிக்கை இங்கே சோதித்துப் பார்க்கப்படாமலே விதியாகிவிட்டது. சோதிக்க வழி இருக்கிறது. சொந்தப் பிணைமுறியில் வெளியே போனவர்களும் இரு நபர் ஜாமீனில் போனவர்களும் வாய்தாவுக்கு வந்த கணக்கு ஒவ்வொரு நீதிமன்றத்தின் பதிவேட்டிலும் கிடக்கிறது. ஒரு மாவட்டத்தில் எடுத்து ஒப்பிட்டாலே தொடக்கமாகும்.

இன்னொன்று, குடும்பத்தின் சொல்லை எப்போது கேட்பது என்பது. கைது, ரிமாண்ட் நிலையிலேயே சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்ற செயல்முறையைத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019இல் வகுத்திருக்கிறது. ரிமாண்ட் வழக்கறிஞர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, யாருடன் வசிக்கிறார், யார் அழைத்து வருவார் என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி நடுவரிடம் தந்தால், பகவதியின் பட்டியல் முதல்முறையாக நிரம்பும். யாருமில்லாதவருக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்; அந்த வெறுமையை அவருக்கு எதிராக எண்ணாமலிருக்க எந்த விதி வேண்டும் என்பதற்கு மன்ஹாட்டனும் விடை சொல்லவில்லை, ஹுசைனாரா தீர்ப்பும் சொல்லவில்லை.